முதல் பிரசவம் சிசேரியனா? அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பார்க்க ஆஸ்பத்திரி தேர்ந்தெடுப்பது எப்படி

முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான் என்று சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, சில டாக்டர்களும் முடிவாகச் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவ வழிகாட்டுதல்கள் அப்படிச் சொல்வதில்லை. முன்பு ஒரே ஒரு சிசேரியன், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் வெட்டு, இப்போது ஒரே குழந்தை, தலை கீழே. இந்த நிலையில் வலி எடுத்து முயல்கிறவர்களில் ஏறக்குறைய 4 பேரில் 3 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏற்கெனவே ஒரு தடவையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இது 85 முதல் 90 சதவீதம் வரை போகிறது.

அதே சமயம், முயல்கிற 200 பேரில் ஒருவருக்குக் கருப்பையின் பழைய தையல் பிரியலாம். அபூர்வம்தான், ஆனால் பிரிந்துவிட்டால் நிமிடக் கணக்கில் வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி பார்க்கும்போது டாக்டரின் கைராசியைவிட, நடுராத்திரியில் அந்தக் கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்; தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம்.

பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்

ஆஸ்பத்திரி ஏறி இறங்கும் முன் முதல் சிசேரியனின் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும். அதைவிட உபயோகமானது ஆபரேஷன் நோட்ஸ். இதைப் பொதுவாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரி ரெக்கார்டில் கிடக்கும். ஐ.பி. நம்பர், பிரசவத் தேதி இரண்டையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். உள்நோயாளி ரெக்கார்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. 3 வருடம் ஆகப்போகிறது என்றால் கர்ப்பம் உறுதியாகும் வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

நோட்ஸில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டு எப்படி என்பது. ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று மட்டும் இருந்தால் கீழ்ப்பகுதி வெட்டு, நல்லது. ‘கிளாசிக்கல்’ (கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு), ‘இன்வர்ட்டட் டி’ (தலைகீழ் T வடிவ வெட்டு) என்ற சொற்கள் இருந்தால் வலிக்கு விடுவது பற்றிய பேச்சே வேண்டாம். பிரியும் ஆபத்து பல மடங்கு. ‘எக்ஸ்டென்ஷன்’ என்றிருந்தால் வெட்டு ஓரத்தில் கிழிந்து நீண்டிருக்கிறது என்று பொருள். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம்.

அடுத்தது காரணம். குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருந்தது, இதயத் துடிப்பு குறைந்தது என்ற காரணங்கள் இந்தத் தடவை திரும்ப வர வேண்டியதில்லை. வாய்ப்பு நன்றாகவே இருக்கும். ‘சி.பி.டி.’ என்று எழுதி, ‘உனக்கு இடுப்பெலும்பு சின்னது’ என்று வாயால் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த மூன்றெழுத்தை இங்கே தாராளமாகவே எழுதுகிறார்கள். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். 3 சென்டிமீட்டரில் நிறுத்தி ஆபரேஷன் செய்திருந்தால் இடுப்பெலும்புக்குச் சோதனையே நடக்கவில்லை. முழுதாக 10 சென்டிமீட்டர் திறந்து, மணிக்கணக்கில் முக்கியும் தலை இறங்கவில்லை என்றால் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. வலி முன்னேறவில்லை என்ற காரணத்துக்காகச் சிசேரியன் ஆனவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்தது சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது.

குழந்தையின் எடை, ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோ சீழோ வந்ததா, ரத்தம் ஏற்றினார்களா, இவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பிரசவத்துக்கும் இதற்கும் 18 மாதத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் தையல் பிரியும் ஆபத்து கூடுகிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக இப்போதைய ஸ்கேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழியில்லை. அதோடு அது பழைய தையலுக்குள் வேர்விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சிசேரியன் ஆனவருக்கு இப்படிக் கீழே நஞ்சு இருந்தால் 100-ல் 11 பேர் அளவில் அது நடக்கலாம், இரண்டு சிசேரியன் ஆனவருக்கு 40. அவர்கள் சின்ன நர்சிங் ஹோம் பக்கமே போகக்கூடாது. ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும்.

எப்போது தேட ஆரம்பிப்பது

நான்காவது, ஐந்தாவது மாதத்தில். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. செக்கப் எல்லாம் புகுந்த வீட்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அம்மா வீட்டுக்குப் போய் அங்கே இன்னொரு டாக்டரிடம் பிரசவம் என்பது வழக்கம். சாதாரணக் கர்ப்பத்தில் இது பெரிய தொல்லை இல்லை. தையல் உள்ளவர் 36-வது வாரத்தில் புது டாக்டரின் முன் போய் நின்றால், ‘உங்களை எனக்குத் தெரியாது, ரிஸ்க் எடுக்க முடியாது’ என்பதுதான் முதல் பதில். அது நியாயமான பதிலும்கூட. எந்த ஊரில் பிரசவம் என்பதை முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். அம்மா வீடு என்றால், அந்த ஊர் டாக்டரை ஐந்தாம் மாத ஸ்கேன் சமயத்திலேயே ஒரு தடவையும், ஏழாம் மாதம் இன்னொரு தடவையும் பார்த்து ஃபைல் போட்டுவிடுங்கள். அம்மா வீடு இருக்கும் ஊரில் சரியான ஆஸ்பத்திரி இல்லையென்றால், அம்மா இங்கே வரட்டும்.

ராத்திரி 2 மணிக்கு யார் இருப்பார்கள்

பகலில் எல்லா ஆஸ்பத்திரியும் நன்றாகத்தான் இருக்கும். வலி பகலில்தான் வரும் என்று கட்டாயமில்லை. அதனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ரிசப்ஷனில் நிற்கும் சிஸ்டரிடம் சாதாரணமாக, ‘இப்போ மயக்க டாக்டர் உள்ளே இருக்காங்களா சிஸ்டர், இல்ல கூப்பிட்டா வருவாங்களா?’ என்று கேளுங்கள். டாக்டர் அறையில் கிடைக்காத உண்மை இங்கே கிடைக்கும். சின்ன ஊர்களில் ஒரே மயக்க மருந்து டாக்டர் நாலைந்து நர்சிங் ஹோமுக்குப் போய்வருவார். அவர் ஊரின் மறுமுனையில் வேறு கேஸில் இருந்தால் உங்கள் டாக்டர் எவ்வளவு திறமைசாலியானாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கேட்க வேண்டியவை இவை. மகப்பேறு டாக்டர் ஒருவர் 24 மணி நேரமும் கட்டடத்துக்குள் இருக்கிறாரா, அல்லது எம்.பி.பி.எஸ். முடித்த டியூட்டி டாக்டர் மட்டுமா? மயக்க டாக்டர் உள்ளேயா, வீட்டிலா? வீடு என்றால் எத்தனை நிமிடம்? ஆபரேஷன் தியேட்டர் லேபர் வார்டு இருக்கும் மாடியிலேயே இருக்கிறதா? ராத்திரி தியேட்டர் ஆட்கள் தங்குகிறார்களா? அவசரம் என்று முடிவெடுத்த நொடியிலிருந்து குழந்தை வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? பொதுவாகச் சொல்லும் அளவு 30 நிமிடம். தையல் முழுதாகப் பிரிந்த நேரத்தில் அதுவே அதிகம். குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். ‘15, 20 நிமிடத்தில் முடியும், எல்லாரும் உள்ளேயே இருக்காங்க’ என்று சொல்கிற இடம்தான் வேண்டும். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்பது பதில் அல்ல.

ரத்தம் பற்றி தனியாகக் கேளுங்கள். ரத்த வங்கி, ரத்த சேமிப்பு மையம், வெளியிலிருந்து வாங்கி வருவது மூன்றும் வேறு வேறு. சேமிப்பு மையத்தில் சில யூனிட்டுகள்தான் இருக்கும். வெளியிலிருந்து வாங்குவது என்றால், உங்கள் வீட்டுக்காரர் சீட்டை வைத்துக்கொண்டு பைக்கில் ஓட வேண்டிவரும். நெகட்டிவ் குரூப் என்றால் ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் கொடுக்கக்கூடிய இரண்டு பேரைப் பேசி வைத்திருங்கள். பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ. உள்ளேயே இருக்க வேண்டும்; ‘பக்கத்து ஆஸ்பத்திரியோட டை-அப் இருக்கு’ என்றால் ஆம்புலன்ஸில் குழந்தை தனியாகப் போகும், தாய் இங்கே கிடப்பார்.

இன்னொன்று சி.டி.ஜி. மெஷின். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பையும் வலியையும் ஓடும் தாளில் வரைகிற கருவி. தையல் பிரியும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது வயிற்று வலி அல்ல, இந்தத் தாளில் துடிப்பு சரிவதுதான். சாதாரணப் பிரசவத்தில் 20 நிமிடம் போட்டுக் கழற்றிவிடுவார்கள். தையல் உள்ளவருக்கு வலி முறையாகத் தொடங்கியதிலிருந்து பிரசவம் வரை தொடர்ந்து ஓட வேண்டும். லேபர் வார்டில் 6 கட்டில், 1 மெஷின் என்றால் அது நடக்காது. எண்ணிக் கேளுங்கள்.

இப்போது சுவரில் ஓவியம், தண்ணீர்த் தொட்டி, மெல்லிய விளக்கு என்று இயற்கைப் பிரசவ மையங்கள் வந்திருக்கின்றன. அறை அழகாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் தியேட்டர் அதே கட்டடத்தில் இல்லையென்றால் தையல் உள்ளவருக்கு அந்த மையம் உதவாது. வீட்டில் பிரசவம் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டாக்டரிடம் என்ன கேட்பது

‘சுகப்பிரசவம் ஆகுமா மேடம்?’ என்று கேட்டால், ‘பார்க்கலாம்மா’ என்ற பதில்தான் வரும். இந்தப் ‘பார்க்கலாம்’ பல பேரை ஒன்பதாம் மாதம் வரை நம்பிக்கையில் கூட்டிப்போய் விடுகிறது. பதில் சொல்லித் தீர வேண்டிய மாதிரி கேளுங்கள்.

‘மேடம், போன வருஷம் என்னை மாதிரி பழைய சிசேரியன் ஆனவங்க எத்தனை பேரை வலிக்கு விட்டீங்க? அதில் எத்தனை பேருக்கு ஆச்சு?’ இரண்டு எண்ணும் வேண்டும். 5 பேரை விட்டு 5 பேருக்கும் ஆனது என்றால் சுலபமானவர்களை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள். நூறு சதவீதம் என்று மயங்க வேண்டாம். 40 பேரை விட்டு 28 பேருக்கு ஆனது என்று சொல்கிறவர் கணக்கு வைத்திருக்கிறார், தோல்வியையும் சொல்கிறார்.

‘தேதி தாண்டினா எத்தனை நாள் காத்திருப்பீங்க?’ வலி தானாக வருவதுதான் தையலுக்குப் பாதுகாப்பு. 38 வாரத்திலேயே தேதி குறிக்கிற ஆஸ்பத்திரியில் வலி வர நேரமே கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தால் 40 வாரம் முடிந்து 41 வரை கண்காணித்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். திட்டமிட்ட சிசேரியனே ஆனாலும் வேறு சிக்கல் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் செய்வது குழந்தையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. நட்சத்திரம் பார்த்து 37-ல் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

‘வலி வர என்ன மருந்து கொடுப்பீங்க?’ இது முக்கியமான கேள்வி. மிசோப்ரோஸ்டால் மாத்திரையைப் பழைய சிசேரியன் உள்ளவருக்குக் கடைசி மாதங்களில் வலி வர வைப்பதற்குத் தரக்கூடாது. மருந்து கொடுத்து வலி வர வைப்பதும் கூட்டுவதும் தையல் பிரியும் ஆபத்தை 2, 3 மடங்கு ஆக்குகின்றன. வர வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃபோலி குழாயின் பலூனை உள்ளே வைத்துக் கருப்பை வாயைத் திறப்பது, பிறகு தேவைப்பட்டால் ஆக்ஸிடோசின் ட்ரிப்பைக் குறைந்த அளவில் தொடங்கி கவனமாக ஏற்றுவது என்று பதில் வர வேண்டும். வலி வர உள்ளே வைக்கும் மருந்தைப் பற்றி ‘ஜெல் வெச்சுடுவோம், ஆறு மணி நேரத்தில் வந்துடும்’ என்று அலட்சியமாகச் சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள். மருந்து வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக மறுக்கிற டாக்டரை அப்படித் தள்ள வேண்டியதில்லை. அவர் ராத்திரி ஆட்கள் நிலவரம் தெரிந்து பேசுகிறவராக இருக்கலாம்.

முதுகில் போடும் எபிடூரல் ஊசி இதற்குத் தடையல்ல. தையல் பிரியும் வலியை அது மறைத்துவிடும் என்பது பழைய பயம். துடிப்பைப் பார்த்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள். அவசரச் சிசேரியன் வந்தால் முழு மயக்கம் கொடுக்காமல் அதையே பயன்படுத்தவும் முடிகிறது.

கடைசியாக, ‘நீங்க ஊர்ல இல்லாட்டி யார் பார்ப்பாங்க?’ அந்த இரண்டாவது டாக்டரின் பெயரைக் கேட்டு, அவரையும் ஒரு தடவை செக்கப்பில் பாருங்கள். முதல் டாக்டர் ‘சரி’ என்று ஃபைலில் எழுதியதை இரண்டாவது டாக்டர் ராத்திரியில் அடித்துவிட்டு தியேட்டருக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

37-வது வாரத்தில் வரும் ‘இல்லை’

எட்டாம் மாதம் வரை சம்மதித்த டாக்டர் இங்கே திடீரென்று மாறுவார். காரணம் சில சமயம் உண்மையானது, சில சமயம் சாக்கு. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் சண்டையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

‘கொடி சுத்தியிருக்கு.’ ஏறக்குறைய 4 குழந்தைகளில் ஒன்று கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியபடிதான் பிறக்கிறது. துடிப்பு சரியாக இருக்கும் வரை இது மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது.

‘தலை இறங்கல.’ இரண்டாவது குழந்தைக்குத் தலை பெரும்பாலும் வலி தொடங்கிய பிறகுதான் இறங்கும். முன்பே இறங்கியிருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

‘குழந்தை பெரிசா இருக்கு.’ ஸ்கேன் எடை 10 முதல் 15 சதவீதம் இப்படியும் அப்படியும் தவறலாம். 3.4 கிலோ என்று போட்டால் 3 கிலோவாகவும் இருக்கலாம். 4 கிலோவுக்கு மேல் என்று வந்தால், அதுவும் சர்க்கரை உள்ள தாய்க்கு, டாக்டர் தயங்குவதில் அர்த்தம் உண்டு.

‘தண்ணி கம்மி.’ எண்ணைக் கேளுங்கள். ஏ.எஃப்.ஐ. என்ற பனிக்குட நீர் அளவு 8, 9 என்பது குறைவல்ல. 5-க்குக் கீழே என்றால் உண்மையில் குறைவு; அங்கே காத்திருக்கச் சொல்லி அடம்பிடிக்கக்கூடாது. எப்படிப் பிரசவம் என்பதை டாக்டர் குழந்தையின் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துச் சொல்வார்.

‘தையல் மெலிசா இருக்கு.’ இதில்தான் குழப்பம் அதிகம். ஸ்கேனில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிரியும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லை. ஒரே பெண்ணுக்கு இரண்டு சென்டரில் இரண்டு அளவு வருவதுண்டு. இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி மறுத்தால் வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்கலாம். ஆனால் தையல் பக்கம் வலிக்கிறது, தொட்டால் தாங்கவில்லை என்றால் அபிப்பிராயம் தேட நேரமில்லை, நேரே ஆஸ்பத்திரி.

ரத்தக் கொதிப்பு ஏறுவது, நஞ்சு கீழே இருப்பது, குழந்தை குறுக்காகத் திரும்புவது, துடிப்பு சரியில்லாதது: இவற்றில் எதைக் காரணமாகச் சொன்னாலும் அன்றே டாக்டர் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப், தடுப்பூசி, சத்து மாத்திரை எல்லாம் வாங்கலாம். பிரசவம் மட்டும் அங்கே வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரும் பழைய சிசேரியன் என்று தெரிந்தால் ஆபத்துக் கர்ப்பம் என்று குறித்து, சீமாங் மையம் (அவசரப் பிரசவம், பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கான மையம்) உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கு இந்த விஷயத்தில் தனியாரில் பல இடங்களுக்கு இல்லாத பலம் இருக்கிறது. சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி இடங்களில் ராத்திரியிலும் மேற்படிப்பு டாக்டர்கள், மயக்க டாக்டர், ரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்தில். செலவும் இல்லை, சிசேரியனே ஆனாலும் இலவசம். குறை என்னவென்றால் கூட்டம். யார் பார்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, மெஷின் எல்லா நேரமும் உங்களுக்கென்று கிடைக்காது, ஃபைலில் தெளிவாக எழுதியிருக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். தாலுகா அளவிலுள்ள சீமாங் மையம் என்றால் மயக்க டாக்டர் எல்லா நாளும் ராத்திரி இருக்கிறாரா என்று அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரில் ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமைவிட, மூன்று நான்கு மகப்பேறு டாக்டர்கள் முறை வைத்துப் பார்க்கும் நடுத்தர ஆஸ்பத்திரிதான் இதற்கு ஏற்றது. ஒற்றை டாக்டருக்கு 14 மணி நேர வலியைக் காத்திருந்து பார்க்க உடம்பு ஒத்துழைக்காது. மறுநாள் காலை ஓ.பி. வேறு. பேக்கேஜ் விலையை மூன்றாகக் கேளுங்கள்: சுகப்பிரசவத்துக்கு, வலி வந்த பிறகு அவசரச் சிசேரியனுக்கு, குழந்தை ஐ.சி.யூ.வுக்கு ஒரு நாளைக்கு. எழுத்தில் வாங்குங்கள். எங்கே பிரசவம் என்றாலும் கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் எடுத்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுக்குக் கேட்பார்கள்.

இரண்டு சிசேரியன் ஆனவர்களையும் சில பெரிய ஆஸ்பத்திரிகள் தேர்ந்தெடுத்து வலிக்கு விடுகின்றன. பிரியும் ஆபத்து ஏறக்குறைய 1.4 சதவீதம். அப்படிப்பட்டவர்கள் மேலே சொன்ன எதிலும் சமரசம் செய்யக்கூடாது.

சேர்ந்த பிறகு

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 30 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் என்றால் 38-வது வாரத்திலிருந்து பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம். வலி நெருங்கி வரட்டும் என்று மற்றவர்களைப் போல வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். முறையாக வர ஆரம்பித்ததும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ உடனே. வண்டி இல்லையென்றால் 108. வலி வந்து போகும் இடைவெளியிலும் அடிவயிறு விடாமல் வலித்தால், அதை உள்ளே நுழையும்போதே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கையில் ஊசி வழி போட்டு வைப்பார்கள், ரத்தம் எடுத்து, பொருந்தும் ரத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டுக்கும் தடை சொல்லாதீர்கள். சம்மதப் படிவத்தில் சுகப்பிரசவ முயற்சிக்கும் அவசரச் சிசேரியனுக்கும் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்து போட்டுவிடுங்கள். நடுராத்திரியில் கையெழுத்துக்காக மாமனாரையோ அப்பாவையோ தேடி ஓடும் நிமிடங்கள் மிச்சம். தியேட்டருக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னால் வீட்டில் யாரும் ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே’ என்று பேரம் பேசக்கூடாது. இதை வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சம்மரி நகல், ஆபரேஷன் நோட்ஸ், ரத்த குரூப், கடைசி ஸ்கேன், ரத்தம் தருபவர்களின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, இரண்டாவது நகலைக் கூட வருபவரின் பையில் வையுங்கள். அட்மிஷன் போடும்போது ஃபைலின் முதல் பக்கத்தில் ‘வலிக்கு விட டாக்டர் ஒப்புதல்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டியூட்டி டாக்டரை அப்போதே உங்கள் டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்கள்.